எத்தனை பேர் போதும்

1959 ஜனவரியில் ‘எழுத்து’ சிற்றிதழின் முதல் இதழைக் கொண்டுவந்தபோது எழுத்தாளர் சி.சு. செல்லப்பா தனக்குத் தானே ஒரு வரம்பு போட்டுக்கொண்டார். 2,000 பிரதிகளுக்கு மேல் அச்சடிப்பதில்லை, கடைகளில் தொங்கவிடுவதில்லை, சந்தா கட்டியவர்களுக்குத் தபாலில் போகும், அவ்வளவுதான். பத்திரிகை நடத்த வருகிற எவரும் முதல் நாளிலேயே உச்சவரம்பைப் பற்றிப் பேசுவதில்லை. அவர் பேசினார். 1970 வரை 119 இதழ்கள் வந்தன. அந்த 2,000-ஐ ‘எழுத்து’ கடைசிவரை எட்டவே இல்லை. சந்தாதாரர்கள் சில நூறு பேர்.

அந்தச் சில நூறு பேருக்குள் யாரெல்லாம் இருந்தார்கள் என்று பார்க்க வேண்டும். திருகோணமலையில் இருபது வயதைத் தொட்டிருந்த தருமு சிவராம் இருந்தார், பின்னாளில் பிரமிள் என்று நாம் அறிந்தவர். நாகர்கோவிலில் ஜவுளிக்கடையைக் கவனித்துக்கொண்டிருந்த சுந்தர ராமசாமி, பசுவய்யா என்ற பெயரில் அங்கே கவிதை எழுதினார். வடக்கே மத்திய அரசு வேலையில் இருந்த வெங்கட் சாமிநாதன் வாசகராகக் கடிதம் எழுதப்போய் விமர்சகர் ஆனார். 1962-ல் ‘எழுத்து’ கவிதைகளிலிருந்து ‘புதுக்குரல்கள்’ தொகுப்பு வந்தபோது புதுக்கவிதை தமிழில் வேர்பிடித்துவிட்டது. ஒரு சிற்றூர்க் கல்யாணப் பந்திக்கு உட்காருகிற கூட்டம்தான் அதைச் செய்தது.

இதையெல்லாம் மறுபடி யோசிக்க வைத்தது, சென்னைப் புத்தகக் கண்காட்சி முடிந்த மறுநாள் வந்த ஒரு தொலைபேசி அழைப்பு. பேசியவர் புதுக்கோட்டைப் பக்கத்து இளைஞர். நிதி நிறுவனம் ஒன்றில் தவணை வசூலிக்கிற வேலை. அலைச்சலுக்கு நடுவே ஆறு வருஷம் எழுதிய கவிதைகள் அப்போதுதான் புத்தகமாகியிருந்தன.

“அண்ணே, அட்டைப்படம் போட்டப்ப 640 லைக்குண்ணே. நூறு பேருக்கு மேல வாழ்த்துச் சொன்னாங்க. இப்பப் பதிப்பகத்துல கேட்டா மொத்தமே 17 பிரதிதான் போயிருக்காம். அதுல அஞ்சு எங்க மாமா வாங்குனது. மிச்சப் பேரெல்லாம் யாருண்ணே?”

என்னால் அப்போது பதில் சொல்ல முடியவில்லை. “பொறு தம்பி, புத்தகம் மெதுவாத்தான் போகும்” என்று மட்டும் சொன்னேன். அவர் கேட்டது அதை அல்ல. மிச்சப் பேரெல்லாம் யார் என்ற கேள்வி பல நாள் என்னோடு இருந்தது. நானும் மூன்று சிறுகதைத் தொகுப்பு போட்டவன். யாகூ குழுமம், வலைப்பூ, முகநூல் என்று எல்லாத் தெருவிலும் குடியிருந்தவன். அந்தக் கேள்வியை எனக்குள்ளேயே கேட்டுக்கொள்ளாமல் பதினைந்து வருஷத்தை ஓட்டியிருக்கிறேன்.

முதலில் ஒரு கணக்கு. அமெரிக்கப் பாடகி பில்லி ஐலிஷ் 2021-ல் தன் வாழ்க்கையின் புகைப்படங்களைத் தொகுத்து ஒரு புத்தகம் கொண்டுவந்தார். இன்ஸ்டாகிராமில் அப்போது அவரைப் பின்தொடர்ந்தவர்கள் 9 கோடியே 70 லட்சம் பேர். அந்த நம்பிக்கையில் பதிப்பகம் பெருந்தொகை முன்பணம் கொடுத்திருந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் நியூயார்க் டைம்ஸ் எழுதியபடி, வெளிவந்து சில மாதங்களில் அமெரிக்காவில் விற்றது சுமார் 64,000 பிரதிகள். பின்தொடர்கிறவர்கள் உலகம் முழுக்க, விற்பனைக் கணக்கு ஒரே நாட்டுக்கு என்பதை ஒப்புக்கொண்டு வகுத்துப் பார்த்தாலும், 1,500 பேருக்கு ஒரு பிரதி என்று வருகிறது. புதுக்கோட்டைத் தம்பிக்கு முகநூலில் 3,000 நண்பர்கள். அந்த விகிதப்படி அவருக்கு இரண்டு பிரதி விற்றிருக்க வேண்டும். 17 விற்றிருக்கிறது.

இதை அவரிடம் அடுத்த வாரம் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “அப்ப எதுக்குண்ணே தினமும் போஸ்ட் போடச் சொல்றாங்க?” என்றார்.

சொல்கிறார்கள்தான். என் மூன்றாவது தொகுப்பின் கைப்பிரதியை அனுப்பியபோது ஒரு பதிப்பாளர் கதைகளைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. “பேஸ்புக்ல உங்களுக்கு எத்தனை பேர் சார்?” என்றுதான் கேட்டார். அவரைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது? முன்பெல்லாம் ஒரு புத்தகம் 1,200 பிரதி அச்சாகும். அரசு நூலகங்களுக்கு வாங்கும் நூலக ஆணை கிடைத்தால் அதில் பெரும்பகுதி போய்விடும்; மிச்சம் மெல்ல மெல்ல நகரும். இன்று நூலக ஆணையை நம்பி யாரும் அச்சகத்துக்குப் போவதில்லை. பிரிண்ட் ஆன் டிமாண்ட் வந்த பிறகு நூறு, இருநூறு என்று அடித்துப் பார்க்கிறார்கள். அந்த நூறைத் தள்ளிவிட எழுத்தாளனுக்கு ஆள்பலம் இருக்கிறதா என்று பதிப்பாளர் பார்க்கிறார். விளம்பரச் செலவு, கடைக்காரர் கழிவு, தபால் செலவு என்று தன் தோளில் இருந்த சுமையின் ஒரு பகுதியை எழுத்தாளன் தோளுக்கு மாற்றிவிட்டார். எழுத்தாளனும் அதைச் சுமையென்று உணராமல் புகழுக்கான வழியென்று எடுத்துக்கொண்டான். தவறு அங்கேதான் தொடங்குகிறது.

மிச்சப் பேர் யார்? என் நண்பர் பட்டியலை ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து பார்த்தேன். முகநூல் 5,000 நண்பர்களுக்கு மேல் அனுமதிப்பதில்லை. எனக்கு நாலாயிரத்துச் சொச்சம். பாதிக்கு மேல் எழுதுகிறவர்கள். புத்தகம் போட்டவர்கள், போடப்போகிறவர்கள், இதழ் நடத்துகிறவர்கள். நான் அவர்களுக்கு லைக் போடுகிறேன், அவர்கள் எனக்குப் போடுகிறார்கள். கல்யாண வீட்டு மொய் நோட்டுபோல இதிலும் ஒரு கணக்கு ஓடுகிறது. அதில் பொய் ஒன்றும் இல்லை. மொய் எழுதுகிறவர் உறவைக் காப்பாற்றத்தான் எழுதுகிறார், சாப்பாட்டுக்கு விலை கொடுப்பதில்லை. அந்த 640 லைக்கும் அப்படித்தான். “நீ எங்களில் ஒருவன், உன் சந்தோஷம் தெரிந்தது” என்று சொல்லிவிட்டுப் போகிற தலையசைப்பு. அதை வாங்கப்போகிறவனின் கையெழுத்து என்று நாம் படித்துக்கொண்டோம்.

இன்னொரு பக்கம் இருக்கிறது. என் இரண்டாவது தொகுப்பைப் படித்துவிட்டு எழுதியவர்களின் மின்னஞ்சல்களை ஒரு கோப்பில் சேர்த்து வைத்திருக்கிறேன். நான்கு வருஷத்தில் 61 பேர். தர்மபுரியில் ஒரு பள்ளி ஆசிரியை, துபாயில் ஒரு செவிலியர், ஓய்வுபெற்ற மின்வாரிய லைன்மேன் ஒருவர், யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு பல்கலைக்கழக மாணவி. இவர்களில் எத்தனை பேர் முகநூலில் எனக்கு நண்பர்கள் என்று தேடினேன். ஏழு பேர். அந்த ஏழு பேரும் என் பதிவுகள் எதற்கும் லைக் போட்டதாக நினைவில்லை. கதையின் எந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு எழுந்து போனார்கள் என்று எழுதியிருந்தவர்கள் இவர்கள்தான். வாசகர் என்பவர் பெரும்பாலும் சத்தம் போடாதவர். சத்தத்தை அளக்கிற கருவியில் அவர் பதிவாகமாட்டார்.

கருவி எப்படி வேலை செய்கிறது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். நாம் போடுகிற பதிவு நம் நண்பர்கள் அத்தனை பேருக்கும் போகிறது என்று இன்னும் பலர் நம்புகிறார்கள். போகாது. சிலருக்குக் காட்டிப் பார்க்கும்; அவர்கள் நின்று பார்த்தால் இன்னும் சிலருக்குக் காட்டும். 2018 ஜனவரியில் ஃபேஸ்புக் நிறுவனமே வெளிப்படையாக அறிவித்தது: பக்கங்களும் நிறுவனங்களும் போடுவதைக் குறைத்து, நண்பர்கள், உறவினர்களின் உரையாடலை முன்னே கொண்டுவருவோம் என்று. பதிப்பகங்களும் எழுத்தாளர்களும் வருஷக்கணக்கில் ஆள் சேர்த்து வளர்த்த பக்கங்கள் அதற்குப் பிறகு வற்றத் தொடங்கின. உரையாடல் எங்கே அதிகம் நடக்கிறது? சண்டையில். ஒரு சிறுகதைக்கான இணைப்பைக் கொடுத்தால் பத்துப் பேர் பார்க்கிறார்கள். இன்னொரு எழுத்தாளரைத் திட்டி நாலு வரி எழுதினால் நானூறு பேர் வருகிறார்கள். இணைப்பைத் தட்டினால் வாசகர் அந்தத் தளத்தை விட்டு வெளியே போய்விடுவார். போகவிட அவர்களுக்கு மனமில்லை. இது அவர்களுடைய வியாபாரம். அவர்கள் நம் கதைக்காகக் கடை திறக்கவில்லை.

ஆனால் அந்த நானூறு பேர் எழுத்தாளனுக்குள் செய்கிற வேலை இருக்கிறதே, அதைப் பற்றித்தான் எனக்கு அதிகம் பேச வேண்டும்.

2016-ல் என்று நினைவு. ஒரு வருஷம் நான் முகநூலில் எழுதியதையெல்லாம் எடுத்து ஒரே கோப்பில் போட்டுச் சொல் எண்ணிக்கை பார்த்தேன். ஒரு லட்சத்து நாற்பதாயிரம் சொற்கள். இரண்டு நாவல் அளவு. அதே வருஷம் எழுதிய சிறுகதைகள் இரண்டு. அந்த ஒரு லட்சத்து நாற்பதாயிரம் சொற்களில் எடுத்து வைக்கத் தகுந்தது பத்துப் பக்கம்கூடத் தேறவில்லை. ஏதோ ஒரு படம், ஏதோ ஒரு பேட்டி, யாரோ யாரையோ சொன்ன ஒரு வார்த்தை. காலையில் பற்றிக்கொண்டு இரவில் அணைந்துபோன தீ. அன்றைக்கு அதில் நான் எதுவும் எழுதாமல் இருந்திருந்தால் யாருக்கும் எந்த நஷ்டமும் இல்லை.

நேரம் போனதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். மொழி மாறியதைத்தான் பொறுக்க முடியவில்லை. சிறுகதையில் ஒரு வாக்கியம் சொல்லாமல் விட்டதைச் சுமந்துகொண்டு நிற்கும். முகநூல் பதிவில் சொல்லாமல் விட்டால் யாராவது தப்பாக எடுத்துக்கொள்வார்கள் என்று எல்லாவற்றையும் சொல்லித் தீர்க்க வேண்டும். அல்லது முதல் வரியிலேயே அடிக்க வேண்டும். இரண்டும் பழகப் பழக, கதை எழுத உட்காரும்போதும் கை அப்படியே போகிறது. பாத்திரம் பேச வேண்டிய இடத்தில் நான் பேசிவிடுகிறேன். கடைசி வரியில் கைதட்டலுக்காக ஒரு வாக்கியம் வந்து உட்காருகிறது. அந்த வருஷத்து இரண்டு கதைகளையும் நான் தொகுப்பில் சேர்க்கவில்லை.

இதற்காக எல்லாரும் வெளியேறிவிடுங்கள் என்று சொல்ல வரவில்லை. போக முடியாதவர்கள் இருக்கிறார்கள். அச்சிதழ்களின் கதவு திறக்காத இடத்திலிருந்து வந்த பலருக்கு, குறிப்பாகப் பெண்களுக்கும் தலித் எழுத்தாளர்களுக்கும், யாரிடமும் அனுமதி கேட்காமல் எழுத ஒரு திண்ணை கிடைத்தது இங்கேதான். அந்தத் திண்ணையில் அவர்களுக்குத்தான் வசவும் அதிகம் என்பதும் உண்மை. இன்பாக்ஸில் வருகிற ஆபாசத்தையும் மிரட்டலையும் தினமும் துடைத்துவிட்டு எழுத உட்காருகிற ஒருவரிடம் ‘உங்கள் இருப்பைப் பெருக்கிக்கொள்ளுங்கள்’ என்று ஆலோசனை சொல்ல எனக்கு வாய் வராது. அவர் கணக்கை மூடிவிட்டுப் போனால் அதுவும் ஒரு தேர்வு, மதிக்க வேண்டிய தேர்வு.

கூட்டம் எந்தப் பக்கமும் திரும்பும். பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ 2010-ல் வந்தது. நாலு வருஷம் அது வாசகர் கையில் அமைதியாக இருந்தது. 2014 டிசம்பரில் அதன் சில பக்கங்களை மட்டும் நகலெடுத்துத் திருச்செங்கோட்டில் விநியோகித்தார்கள். நாவலைப் படிக்காதவர்கள் அந்தச் சில பக்கங்களைப் படித்துவிட்டு எதிர்ப்பில் இறங்கினார்கள். அடுத்த மாதம் எழுத்தாளன் பெருமாள்முருகன் செத்துவிட்டான் என்று அவர் அறிவித்தது தன் முகநூல் பக்கத்தில்தான். சென்னை உயர் நீதிமன்றம் அவருக்குச் சார்பாகத் தீர்ப்புச் சொன்னது 2016 ஜூலையில். பக்கத்தைக் கிழித்துத் தெருவில் போடுவதற்கு அன்று ஜெராக்ஸ் கடை வேண்டியிருந்தது. இன்று ஒரு ஸ்கிரீன்ஷாட் போதும். நிறையப் பேரிடம் போய்ச் சேர வேண்டும் என்று ஆசைப்படுகிறவர், படிக்காதவர்களிடமும் போய்ச் சேரப்போகிறோம் என்பதையும் சேர்த்தே எண்ணிப் பார்க்க வேண்டும்.

எந்தத் தளம் என்று கேட்கிறவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது: நீங்கள் எழுதுவது என்ன? உங்களைப் படிக்கிறவர் எங்கே உட்கார்ந்து படிக்கிறார்?

குடும்ப நாவல் எழுதுகிற பெண்கள் இதற்குச் சரியான விடையை நமக்கு முன்பே கண்டுபிடித்துவிட்டார்கள். பிரதிலிபியிலும் கிண்டிலிலும் அவர்களுக்கு இருக்கிற வாசகர் கூட்டத்தை இலக்கியக்காரர்கள் குனிந்துகூடப் பார்ப்பதில்லை. மாத நாவலும் வாரத் தொடரும் வாசித்து வளர்ந்த வாசகி, பேருந்தில் போகும்போதும் குழந்தை தூங்கும்போதும் கைபேசியில் அத்தியாயம் அத்தியாயமாகப் படிக்கிறார். அவருக்கு அத்தியாயம்தான் வேண்டும், அட்டைப்படம் வேண்டாம். 2016 டிசம்பரில் கிண்டில் தமிழுக்கு வந்த பிறகு, பதிப்பாளர் வாசலை மிதிக்காமலே மாதம் ஒரு தொகை பார்க்கிற பெண் எழுத்தாளர்களை எனக்குத் தெரியும். அவர்கள் தங்கள் வாசகி இருக்கிற இடத்துக்குப் போனார்கள். நாம் நம் சக எழுத்தாளர்கள் இருக்கிற இடத்தில் உட்கார்ந்துகொண்டு வாசகரைக் காணோம் என்கிறோம்.

சிறுகதைக்குக் காதுதான் நல்ல வழி என்று எனக்கு இப்போது படுகிறது. திருவண்ணாமலையில் பவா செல்லதுரை மேடையில் உட்கார்ந்து கதை சொல்வதை யூடியூபில் எத்தனையோ பேர் கேட்கிறார்கள். ஸ்ருதி டிவி பதிவுசெய்கிற இலக்கியக் கூட்டங்கள், அந்த அரங்கில் இருந்த நாற்பது பேரைத் தாண்டி எங்கெங்கோ போகின்றன. கதையைக் கேட்டுவிட்டு, எழுதியவரின் பெயரைத் துண்டுச் சீட்டில் குறித்துக்கொண்டு வந்து தேடிய ஒருவரைக் கண்காட்சி அரங்கில் நான் பார்த்திருக்கிறேன். லாரி ஓட்டுகிறவர். இரவில் விழித்திருக்க பாட்டுக்குப் பதில் கதை கேட்கிறாராம். அவர் வாங்கிப் போனது அசோகமித்திரன். முகநூல் கணக்கு பற்றிய கவலையே இல்லாமல் எழுதிவிட்டு 2017-ல் மறைந்த மனிதர், ஒரு லாரியின் முன்னிருக்கையில் போய்ச் சேர்ந்துவிட்டார்.

கவிதைக்கு இன்ஸ்டாகிராம் என்கிறார்கள். இளைஞர்கள் அங்கேதான் இருக்கிறார்கள் என்பது சரி. ஆனால் படத்தின் மேல் நாலு வரி என்ற சட்டகம் கவிதையைப் பொன்மொழியாக்கிவிடுகிறது. அந்தச் சட்டகத்துக்குள் அடங்குகிற கவிதை எழுதுகிறவர் போகலாம். அடங்குவதற்காகக் கவிதையை வெட்டுகிறவர் போகக் கூடாது. வாட்ஸ்அப்பில் ஒரு கதை எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் போகும். அனுப்பியவர் பெயர் இருக்கும், எழுதியவர் பெயர் வழியில் எங்கோ உதிர்ந்திருக்கும். ட்விட்டர் எக்ஸ் ஆன பிறகு அங்கே கதை எழுதுகிறவனுக்கு வேலை இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

இந்த இடங்களெல்லாம் வாடகை வீடு என்பது இன்னொரு விஷயம். தமிழில் இணையத்தில் நல்ல இலக்கியப் பேச்சு நடந்த முதல் இடங்களில் ‘மரத்தடி’, ‘ராயர் காப்பி கிளப்’ போன்ற யாகூ குழுமங்களும் உண்டு. இரவு முழுக்க ஒரு கதையைப் பற்றி இருபது பேர் பேசியிருக்கிறோம். 2020 டிசம்பரில் யாகூ குழுமங்கள் மொத்தமாக மூடப்பட்டன. அதற்கு முன் 2009-ல் ஜியோசிட்டீஸ் போயிற்று. 2014-ல் ஆர்குட், 2019-ல் கூகுள் பிளஸ். 2020 ஜூன் மாதம் ஒரே இரவில் டிக்டாக் இந்தியாவில் இல்லாமல் போனது. கிராமத்திலிருந்து பாடியும் நடித்தும் லட்சக்கணக்கில் ஆள் சேர்த்தவர்கள் மறுநாள் காலை ஒருவர்கூட இல்லாமல் எழுந்தார்கள். 2004-ல் தொடங்கிய ‘தமிழ்மணம்’ திரட்டியில் தினமும் காலையில் புதுப்பதிவுகளைத் தேடிப் போன தலைமுறை என்னுடையது; அந்த வலைப்பூக்களில் முக்கால்வாசியை இன்று தேடினால் கிடைக்காது. யாராவது எடுத்து வைத்ததுதான் மிஞ்சியிருக்கிறது. ஓலைச்சுவடி கரையானுக்குப் போனதைப் பற்றிப் பேசிப் பேசி வருந்துகிற நாம், இந்தக் கரையானைக் கவனிக்கவில்லை.

சொந்த வீடு கட்டிக்கொண்டவருக்கு நம்மிடையே பெரிய உதாரணம் ஜெயமோகன். சமூக ஊடகங்களை விட்டு விலகி நின்று, தன் இணையதளத்தில் தினமும் எழுதுகிறார். வாசகர் கடிதங்களை அங்கேயே வெளியிட்டுப் பதில் சொல்கிறார். 2014 ஜனவரி 1 முதல் 2020 ஜூலை வரை ‘வெண்முரசு’ 26 நாவல்களும் நாள்தோறும் ஓர் அத்தியாயமாக அங்கேதான் வந்தன. இதைச் சொன்னதும் பலர் உடனே ஒரு இணையதளம் வாங்கிவிடுகிறார்கள். மூன்று மாதத்தில் அது தூசி படிந்து கிடக்கும். ஜெயமோகனின் ‘விஷ்ணுபுரம்’ நாவல் வந்தது 1997-ல். இணையதளத்துக்கு வருவதற்கு முன்பே அவரைப் பின்தொடர்கிற வாசகர்கள் இருந்தார்கள் என்பதை மறந்துவிடுகிறோம். அவ்வளவு எழுதுகிற கை நமக்கு இல்லை. ஆனால் எழுதியதையெல்லாம் ஒரே முகவரியில் வைத்துக்கொள்ளவும், படிக்க விரும்புகிறவர்களின் மின்னஞ்சலைச் சேர்த்து இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஒரு கடிதம் அனுப்பவும் யாராலும் முடியும். எனக்கு இப்போது 230 பேர் அந்தப் பட்டியலில் இருக்கிறார்கள். அந்தக் கடிதத்தை யாருக்குக் காட்டலாம், யாருக்கு வேண்டாம் என்று நடுவில் எந்த அல்காரிதமும் உட்கார்ந்து முடிவுசெய்வதில்லை.

முகநூலால் எனக்கு நடந்த ஒரு நல்லதை மறைக்கக் கூடாது. மூன்றாவது தொகுப்புக்கு முன்பதிவு அறிவித்தோம். பத்து நாளில் 84 பேர் ஜிபேயில் பணம் அனுப்பினார்கள். அச்சுக்கூலி அதில் வந்துவிட்டது. அந்த 84 பேரும் பல வருஷமாக என் கதைகளை ஏதோ ஓர் இதழில் படித்து வந்தவர்கள். புத்தகம் வருகிறது என்ற செய்தியை மட்டும்தான் முகநூல் அவர்களிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது. செய்தி சொல்ல அது நல்ல ஆள். தண்டோரா போடுகிறவரிடம் போய் வாசகரை உண்டாக்கித் தா என்று கேட்டால் அவர் என்ன செய்வார்?

வாசகரை உண்டாக்கியவர்கள் வேறு மாதிரி வேலை செய்தார்கள். வல்லிக்கண்ணன் தனக்கு வந்த எந்தப் புத்தகத்தையும் படிக்காமல் வைத்ததில்லை. படித்துவிட்டுக் கடிதம் எழுதாமலும் இருந்ததில்லை. திருநெல்வேலியில் இருந்த தி.க.சி. போட்ட அஞ்சலட்டைகளைப் பொக்கிஷமாக வைத்திருக்கிற எழுத்தாளர்கள் தமிழ்நாடு முழுக்க இருக்கிறார்கள். முதல் கதை அச்சான ஒரு பையனின் வீட்டுக்கு அந்த அட்டை வரும். முகவரி எழுதிய பக்கத்து இடமும் வீணாகாமல் நெருக்கி எழுதியிருக்கும். ஒரே ஒருவருக்கு எழுதியது. வேறு யாரும் பார்த்துக் கைதட்டப்போவதில்லை. செல்லப்பா ‘எழுத்து’ பிரசுரப் புத்தகங்களை மூட்டையாகக் கட்டித் தூக்கிக்கொண்டு கல்லூரி கல்லூரியாகப் போனாரே, அதுவும் ஒருவர் ஒருவராகச் சேர்த்ததுதான். சொத்தை இழந்தார், உடம்பைக் கெடுத்துக்கொண்டார். அந்தத் துயரத்தை அழகாக்கிப் பேச எனக்கு விருப்பமில்லை. எந்த எழுத்தாளனும் அப்படி மூட்டை தூக்க வேண்டியதில்லை. அவர் வரம்பு போட்ட துணிவைத்தான் நான் எடுத்துக்கொள்கிறேன். எத்தனை பேர் போதும் என்று தெரிந்துகொண்டு தொடங்கியவர் அவர். அதனால்தான் 700 வந்தால் என்ன, 400 வந்தால் என்ன என்று அவரால் எழுத முடிந்தது. நாமோ எண்ணைச் சொல்லாமலே உள்ளே போகிறோம். சொல்லாத எண்ணுக்கு முடிவே கிடையாது. 640 லைக் வந்தால் ஆயிரம் வரவில்லையே என்று இருக்கிறது. ஆயிரம் வந்தால், பக்கத்தில் ஒருவருக்கு மூவாயிரம்.

புதுக்கோட்டைத் தம்பிக்கு ஒரு கடிதம் எழுதினேன். அஞ்சலட்டை இல்லை, இரண்டு பக்க மின்னஞ்சல். அவருடைய 41 கவிதைகளில் ஒன்பது எனக்குப் பிடித்திருந்தன. தவணை கட்ட முடியாத வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, கேட்க வந்ததைக் கேட்காமலே திரும்பிப் போகிறவனைப் பற்றிய கவிதை அவற்றில் ஒன்று. ஏன் பிடித்தது, எங்கே ஒரு வரி கூடுதல் என்று எழுதினேன். கடைசியில் என் கணக்கையும் சொன்னேன்: முதல் கவிதைத் தொகுப்புக்கு ஒரு வருஷத்தில் 150 பிரதி போனால் நல்ல விஷயம். அதில் 20 பேர் முழுக்கப் படித்தால் பெரிய விஷயம். இரண்டு பேர் எழுதினால் அடுத்த தொகுப்புக்கான காரணம் கிடைத்துவிட்டது. முகநூலில் வாரம் ஒருநாள், அரை மணி நேரம். கவிதை வந்த இதழின் இணைப்பைப் போடு, படித்த புத்தகத்தைப் பற்றி எழுது, யார் கேள்வி கேட்டாலும் பதில் சொல். லைக்கைப் பார்க்காதே என்று சொல்லமாட்டேன், பார்க்கத்தான் செய்வாய். பார்த்துவிட்டு எழுந்து போ.

அவர் பதில் மறுநாளே வந்தது. “அண்ணே, அந்தத் தண்ணீர் கவிதையப் பத்தி இதுவரைக்கும் யாரும் ஒரு வார்த்தை சொல்லலண்ணே. அதை பேஸ்புக்ல போட்டப்ப 11 லைக்” என்று எழுதியிருந்தார்.

என் நான்காவது தொகுப்பு இந்த வருஷக் கடைசியில் வரும். 300 பிரதி அச்சடிக்கிறோம். கடைசிப் பக்கத்தில் என் மின்னஞ்சல் முகவரி இருக்கும். படிக்கிறவர்கள் எழுதுங்கள், ஒவ்வொருவருக்கும் பதில் போடுவேன்.